எங்கே வலிக்குது?

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் ஒரு ஜோக் எழுதியிருந்தேன். ராத்திரி பத்து மணி அடித்தால் மனைவிமார்களுக்கு மட்டும் தலைவலி வருகிற மர்மம் பற்றி. நாம் கொடுக்கிற லீவ் லெட்டரை மானேஜர் எப்படிப் பார்ப்பாரோ, அதே சந்தேகப் பார்வையோடு கணவன்மார்கள் அந்தத் தலைவலியைப் பார்க்கிறார்கள் என்று முடித்திருந்தேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. 'அசத்திட்டீங்க ஸார்', 'எங்க வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்தீங்களா?' என்றெல்லாம் இருபது பேர் பாராட்டியிருந்தார்கள். இருபது பேரும் ஆண்கள்.

இருபத்தோராவதாக ஒரு இன்லண்ட் லெட்டர். (இன்னும் விற்கிறார்களா என்ன!) பெயர் இல்லை, ஊர் இல்லை. நாலைந்து வரிதான்.

'உங்கள் ஜோக்கை என் வீட்டுக்காரர் சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு எட்டு வருஷமாக அந்தத் தலைவலி இருக்கிறது. ஆனால், வலி தலையில் இல்லை. எங்கே வலிக்கிறது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.'

அவ்வளவுதான். திட்டவில்லை, சாபம் விடவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு பதில் ஜோக் எழுதித் தப்பித்திருப்பேன்.

லெட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே பஸ் ஸ்டாண்ட் சுவர். நம் ஊர் பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் நிரந்தரமாக இருக்கிற விஷயங்கள் இரண்டு. ஒன்று, 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்'. அதைச் சுற்றி என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னொன்று, மஞ்சள் பேப்பரில் கறுப்பு எழுத்து: 'நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, இளமையில் செய்த தவறு... பிரதி மாதம் இன்ன தேதி, இன்ன லாட்ஜ், ரூம் நம்பர் இத்தனை. இரகசியம் காக்கப்படும்.' ஊருக்கே தெரிகிற மாதிரி சுவரில் ஒட்டி வைத்துவிட்டு இரகசியம்!

எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற போஸ்டர். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. அதில் இருக்கிற சமாச்சாரம் அத்தனையும் ஆண்களுக்கு. அதில் பாதி, நோயே இல்லை என்று டாக்டர்கள் தலையால் தண்ணீர் குடித்துச் சொல்கிறார்கள். ஆணுக்கு இல்லாத நோய்க்குக்கூட லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்க ஆள் இருக்கிறது. பெண்ணுக்கு இருக்கிற நோயை என்னவென்று கேட்கக்கூட ஆள் இல்லை.

*

எங்கள் ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் ஒரு தம்பி. பெயர் வேண்டாம். கல்யாணமாகிப் பதினோரு மாசம். புது மாப்பிள்ளை என்றால் அஞ்சரை மணிக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். இவன் எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்து, போன வருஷத்து வவுச்சரையெல்லாம் சரி பார்த்துக்கொண்டிருந்தான். மானேஜருக்குப் பரம சந்தோஷம். எனக்குச் சந்தேகம்.

ஒருநாள் காண்டீனில் பிடித்தேன். டீ ஆறுகிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அவளுக்கு என்னைப் பிடிக்கலை ஸார்" என்றான்.

"எதை வச்சுச் சொல்றே?"

"பேசறா, சிரிக்கிறா, சினிமாவுக்கு வர்றா, எனக்குப் பிடிக்கும்னு வத்தக் குழம்பு வைக்கிறா. கிட்டப் போனா மட்டும் உடம்பு அப்படியே விறைச்சுப் போயிடுது ஸார். தள்ளி விடறா. அப்புறம் அவளே அழறா. இதுவரைக்கும்... ஒரு தடவைகூட..."

மீதியை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

வீட்டில் 'விசேஷம் ஏதாவது உண்டா?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். பையனின் அம்மாவுக்கு, மருமகள் மனசில் வேறு யாரோ இருக்கிறான் என்று சந்தேகம். பெண்ணின் அம்மாவுக்கு, மாப்பிள்ளையிடம்தான் ஏதோ கோளாறு என்று சந்தேகம். இரண்டு பக்கமும் ஜோசியரைப் பார்த்தாகிவிட்டது. பெரியப்பா ஒருவர் வக்கீலையும் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

"டாக்டரைப் பார்த்தீங்களா?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லை ஸார்!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"உன்னைச் சொல்லலைப்பா. அவங்களை."

"அவளுக்கு என்ன ஸார்? கல்யாணமானதிலேருந்து ஒரு ஜுரம்கூட வந்ததில்லை!"

ஜோசியர், வக்கீல், பெரியப்பா எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. டாக்டர் என்கிற ஒரு ஆசாமி இருப்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

*

எனக்குத் தெரிந்த ஒரு லேடி டாக்டர் இருக்கிறார். முப்பது வருஷ அனுபவம். அவரிடம் இந்தக் கதையையும், இன்லண்ட் லெட்டரையும் கொண்டுபோனேன்.

படித்துவிட்டுச் சிரித்தார். "இதைச் சொல்றதுக்காக எங்கிட்ட யாரும் வரமாட்டாங்க. இடுப்பு வலி, வெள்ளைப்படுதல், உடம்பு அசதின்னு வருவாங்க. எல்லாம் கேட்டு, மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்புவேன். கதவு வரைக்கும் போய், கைப்பிடியில கையை வச்சுக்கிட்டுத் திரும்புவாங்க. 'இன்னொண்ணு டாக்டர்... ஒண்ணுமில்லை, அடுத்த தடவை சொல்றேன்'பாங்க. அந்த ஒண்ணுமில்லைதான் நோய். நாமளா கேட்டாத்தான் வெளியே வரும்."

நாமாகக் கேட்பதற்குத்தான் ஸ்கிரீனிங் என்று பெயர். ஸ்கிரீனிங் என்றதும் ஏதோ மெஷினுக்குள் படுக்க வைத்து அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். இது வெறும் சல்லடை. யாருக்குப் பிரச்னை இருக்கலாம் என்று சலித்து எடுப்பது. நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் ப்ளட் பிரஷர் பார்க்கிறோமே, அந்த மாதிரி. இதற்கு ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது. கேள்விகள்தான் கருவி.

இதிலும் ஆண்கள்தான் முதலில் க்யூவில் நின்றார்கள். 1997-ல் ஆண்களின் பிரச்னையை அளக்க, ரேமண்ட் ரோசன் என்கிற அமெரிக்க மனோதத்துவ நிபுணரும் சகாக்களும் 15 கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார்கள். மறு வருஷமே, 1998-ல், வயாக்ரா என்கிற அந்தப் பிரசித்தி பெற்ற நீல மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க அளவுகோல் வேண்டுமே. பெண்களுக்கான தாள் 2000-ல்தான் வந்தது. அதே ரோசன் கோஷ்டிதான். 19 கேள்விகள்.

கடந்த நாலு வாரத்தைப் பற்றி மட்டும் கேட்கும். ஆறு விஷயங்கள்: விருப்பம், கிளர்ச்சி, ஈரப்பதம், உச்சம், திருப்தி, வலி. மொத்தம் 36 மார்க். 26.55-ம் அதற்குக் கீழேயும் என்றால், மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம். (கரன்ட் பில் மாதிரி பைசா சுத்தமாக ஒரு பாஸ் மார்க்!) அவசரக்காரர்களுக்காக 2010-ல் ஆறே கேள்விகளில் ஒரு சுருக்கப் பதிப்பும் வந்தது.

"அத்தனை கேள்வியும் கேக்க ஓ.பி.ல நேரம் இருக்கா?" என்றேன்.

"ஒரு கேள்வி போதும். தாம்பத்யத்துல உங்களுக்குத் திருப்தியா இருக்கா, வலி, தொந்தரவு ஏதாவது இருக்கான்னு. இல்லைன்னா சந்தோஷம். இருக்குன்னா, எவ்வளவு நாளா, அது உங்களைக் கஷ்டப்படுத்துதா, அதைப் பத்திப் பேச இஷ்டமா? ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகாது" என்றார்.

ஜாக் அனன் என்று இன்னொரு மனோதத்துவ நிபுணர். 1976-ல் அவர் இந்த வைத்தியத்துக்கு நாலு படி சொல்லி வைத்தார். நாலாவது படிதான் தீவிர சிகிச்சை. மூன்றாவது, இன்னார் இன்னது செய்யுங்கள் என்கிற யோசனை. இரண்டாவது, கொஞ்சம் விவரம். முதல் படி என்ன தெரியுமா? அனுமதி. 'இதைப் பற்றி நீ பேசலாம், தப்பில்லை' என்கிற அனுமதி. பாதிப் பேருக்கு அதுவே பெரிய மருந்து என்கிறார் நம் டாக்டர்.

*

அனுமதி கொடுத்தாச்சு, பேசலாம். எந்த பாஷையில் பேசுவது?

தமிழில் இதற்கு இரண்டே பாஷைதான் இருக்கிறது. ஒன்று, பாடப் புத்தக பாஷை. 'புணர்ச்சியின்போது' என்று டாக்டர் ஆரம்பித்தால், அந்தப் பெண்மணி இலக்கண வகுப்பு என்று நினைத்துக்கொள்வார். இரண்டாவது, கோயில் மதில் பின்னால் கரிக்கட்டியில் எழுதியிருக்கிற பாஷை. அதை டாக்டர் வாயால் சொல்ல முடியாது. நடுவிலே இருக்கிற பெரிய பள்ளத்தில்தான் நம் குடும்பப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக விழுந்துகொண்டிருக்கிறார்கள். 'அது', 'அந்த விஷயம்', 'சேர்ந்து இருக்கறது', 'அவர் வரும்போது'... இப்படி பிரதிப்பெயர்களை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டோம். தலைவலிகூட அப்படி ஒரு பிரதிப்பெயர்தான்.

இந்தப் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தவர்கள் உண்டு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள். அந்த 19 கேள்விகளைத் தமிழில், பொது மருத்துவ ஓ.பி.-க்கு வந்த கல்யாணமான 149 பெண்களிடம் கேட்டார்கள். 2009-ல் முடிவு வெளியாயிற்று. 73 சதவிகிதம் பேருக்குப் பிரச்னை இருக்கலாம் என்று தாள் சொன்னது. வலி மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 64 பேர். காரணம் என்ன என்று அந்தப் பெண்களையே கேட்டார்கள். தனக்கோ கணவருக்கோ உடம்பு சரியில்லாதது, கணவன் - மனைவி உறவில் விரிசல், இதெல்லாம் பேசக் கூடாது என்கிற வளர்ப்பு... இப்படிச் சொன்னார்கள்.

இதற்காக டாக்டரிடம் போயிருந்தவர்கள் எத்தனை பேர்?

பூஜ்யம். ஒருவர்கூட இல்லை.

இத்தனைக்கும் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு எட்டாத மலைக் கிராமத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. நாட்டிலேயே பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்றில், சீட்டு வாங்கிக்கொண்டு, டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்!

*

உடனே '73 சதவிகிதத் தமிழ்ப் பெண்களுக்கு வியாதி' என்று டீக்கடையில் அறிக்கை விடாதீர்கள். அந்த 149 பேரும் ஏற்கெனவே ஏதோ உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். தெருவில் போகிறவர்களை எண்ணினால் கணக்கு வேறாக வரும்.

இந்த விஷயத்தில் நம்பர்கள் பொல்லாதவை. 1999-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு, பெண்களில் 43 சதவிகிதம் பேருக்குப் பாலியல் கோளாறு என்று சொல்ல, பத்திரிகைகள் எல்லாம் அலறின. 'இப்படி ஒரு வியாதியை உருவாக்கினால் மாத்திரை விற்கிறவனுக்குத்தானே லாபம்?' என்று எதிர்க் குரலும் வந்தது. நியாயமான சந்தேகம்தான். 2008-ல் முப்பத்தோராயிரம் அமெரிக்கப் பெண்களுக்கு மேல் பதில் சொன்ன ஒரு சர்வே, கேள்வியை இரண்டாகப் பிரித்தது. 'பிரச்னை இருக்கிறதா?' என்றால், அதே 43 சதவிகிதம் ஆமாம் என்றார்கள். 'அது உங்களை வருத்துகிறதா?' என்று சேர்த்துப் பார்த்தபோது 12 சதவிகிதமாக இறங்கியது.

இந்த இரண்டு நம்பருக்கும் நடுவில்தான் விஷயம் இருக்கிறது. பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்கு ஆபரேஷன், ஆபீஸில் ஆடிட் என்கிற மாதத்தில் ஆசை இல்லாமல் போனால், அது வியாதி இல்லை. வாழ்க்கை. ஆசை குறைவாக இருப்பது அவளுக்கு ஒரு கஷ்டமாகவே இல்லை என்றாலும் அது வியாதி இல்லை. உங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம். அதற்கு அவளுக்கு மாத்திரை கொடுக்க முடியாது. அவளை வருத்துகிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்க மனநல டாக்டர்களின் கையேடுகூட 2013 பதிப்பில், பொதுவாக ஆறு மாதமாவது நீடித்து, அந்தப் பெண்ணுக்கே அது வேதனை தந்தால்தான் கோளாறு என்று வரையறுத்திருக்கிறது.

இன்னொரு கூத்து. அந்த 19 கேள்வித் தாளில், நாலு வாரமாக உறவே இல்லை என்றால் பல கேள்விகளுக்கு மார்க் பூஜ்யம். அதாவது, புருஷன் துபாயில் வேலை பார்க்கிற பெண் தாளைப் பூர்த்தி செய்தால், பாவம், ஃபெயில்! சல்லடையை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே இளைஞர்களே, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாளை எங்கேயாவது தேடிப் பிடித்து, ப்ரின்ட் எடுத்து, மனைவி கையில் கொடுத்து, சிவப்பு இங்க்கில் மார்க் போடாதீர்கள். வீட்டில் சாப்பாடு கிடைக்காது என்பது ஒரு பக்கம். அது டாக்டர் கையில் இருக்கவேண்டிய கருவி.

*

சரி, காரணம் என்னவெல்லாம் இருக்கலாம்? டாக்டர் விரல் விட்டு எண்ணினார். கை போதவில்லை.

சர்க்கரை வியாதி. தைராய்டு. மனச்சோர்வு. மனச்சோர்வுக்குச் சாப்பிடுகிற சில மாத்திரைகளே ஆசையையும் உச்சத்தையும் குறைக்கும். (அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.) பிரசவத்தில் போட்ட தையல். தாய்ப்பால் கொடுக்கிற மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து வறட்சி வரும், வறட்சியால் வலி வரும். மாதவிலக்கு நின்ற பிறகும் அதே கதை. அதற்குத் தடவிக்கொள்ளும் க்ரீம்கள் இருக்கின்றன. கிருமித் தொற்று. கர்ப்பப்பைக்கு வெளியே அதன் உள்சவ்வு போலவே திசு வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ். இந்தக் கடைசி ஆசாமி, மாதவிலக்கு வலி என்ற பெயரில் வருஷக்கணக்கில் ஒளிந்துகொண்டிருப்பார்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது என்றார். உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால் உடனே காட்டவேண்டும். சாதாரண புண்ணாக இருக்கலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதற்குத் தனியாக ஸ்கிரீனிங் உண்டு. முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே செய்கிறார்கள். சில நிமிஷ வேலை.

அப்புறம், உடம்பு சம்பந்தப்படாத லிஸ்ட். தனி ரூம் இல்லாத வீடு. தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு. காலை அஞ்சு மணிக்கு எழுந்து ராத்திரி பதினொன்றுக்குப் பாத்திரம் கழுவி முடிக்கிற அசதி. குடித்துவிட்டு வருகிற கணவன். தன் குறையை மறைக்க அவள் மேல் பழி போடுகிற கணவன். இதற்கெல்லாம் மருந்துக் கடையில் மருந்து கிடையாது.

"பெண்களுக்கும் வயாக்ரா மாதிரி ஏதாவது...?" என்று ஆண் புத்தியுடன் கேட்டேன்.

2015-ல் அமெரிக்காவில் ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள். தினமும் சாப்பிட வேண்டும். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், மாதத்துக்கு அரையிலிருந்து ஒரு தடவை திருப்தி கூடுதலாம். "அதுக்குப் பதிலா புருஷன் பாத்திரம் கழுவினா இன்னும் நல்ல ரிசல்ட் கிடைக்கும். ஆனா அதுக்கு யாரும் ஆராய்ச்சிப் பணம் தரமாட்டாங்க" என்றார் டாக்டர்.

*

அக்கவுன்ட்ஸ் தம்பிக்கு வருவோம். ஒருவழியாக இரண்டு பேரும் டாக்டரிடம் போனார்கள். இரண்டு பேர் இல்லை, நாலு பேர். பையனின் அம்மா, பெண்ணின் அம்மா இருவரும் கூடவே கிளம்பிவிட்டார்கள். டாக்டர் செய்த முதல் வைத்தியம், "எல்லாரும் கொஞ்சம் வெளியே உக்காருங்க. நீங்களும்தான் தம்பி" என்று சொன்னது.

முக்கால் மணி நேரம் கழித்து அவனை மட்டும் கூப்பிட்டார்.

"உங்க கண்ணுக்கு நேரா விரலைக் கொண்டுவந்தா என்ன ஆகும்?"

"கண்ணு மூடிக்கும் டாக்டர்."

"விரல் மேல வெறுப்பா?"

"இல்லை. அது தானா..."

"இதுவும் தானாத்தான். அந்த இடத்துத் தசை பயத்துல தானா இறுகிக்குது. அவங்க இறுக்கலை. வேண்டாம்னு மனசு சொல்லலை. உடம்பு சொல்லுது. வலிக்கும்னு யாரோ சின்ன வயசுல பயமுறுத்தி வச்சிருக்காங்க. முதல் நாள் நிஜமாவே வலிச்சிருக்கு. அடுத்த நாள் வலிக்கப்போகுதுன்னு உடம்பு முன்கூட்டியே கதவைச் சாத்திடுது. சாத்தின கதவை இடிச்சா இன்னும் வலி. இதுக்கு வஜைனிஸ்மஸ்னு பேர். வைத்தியம் இருக்கு."

பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாத வைத்தியம். தசையை இறுக்கி, தளர்த்திப் பழகுகிற பயிற்சி. மூச்சுப் பயிற்சி. மெல்லியதில் தொடங்கிப் படிப்படியாகத் தடிமன் கூடுகிற வழுவழுப்பான குச்சிகளை வைத்து, அவளே, அவள் வேகத்தில், பயத்தைப் பழக்கிக் குறைப்பது.

"நான் என்ன செய்யணும் டாக்டர்?" என்று கேட்டிருக்கிறான்.

"ஒண்ணும் செய்யக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் முயற்சியே கூடாது. கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போங்க, பேசுங்க, சினிமா பாருங்க. அவ்வளவுதான். முடியுமா?"

ஒன்றும் செய்யாமல் இருக்க ஆபீஸில் நல்ல டிரெய்னிங் கிடைத்திருப்பதால் முடிந்தது என்று அவனே சொன்னான். அவன் ஜோக் அடித்தே ஒரு வருஷமாகியிருந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

வரும் வழியில் ஆட்டோவில் அவன் மனைவி ஒன்று சொன்னாளாம். "நான்தான் ஏதோ பொம்பளையே இல்லையோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேங்க. இதுக்கு ஒரு பேர் இருக்கு பாருங்க." பதினோரு மாசம் அந்தப் பெண் என்ன நினைத்துக்கொண்டு வத்தக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள் என்று அவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

ஐந்து மாசம் கழித்து ஒருநாள் என் டேபிளில் ஒரு அல்வாப் பொட்டலம் இருந்தது. என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அஞ்சரைக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். இப்போது மானேஜருக்கு மட்டும்தான் வருத்தம்.

*

டாக்டர் கிளம்பும்போது மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார். கேட்கிற நேரம் முக்கியம். விளக்கை அணைத்தபிறகு கேட்டால் அது கேள்வி இல்லை, விண்ணப்பம். பகலில், நடந்து போகும்போது கேளுங்கள். இரண்டாவது, பதில் வந்தால் குறுக்கே பேசாதீர்கள். 'என்னால்தானா?' என்று ஆரம்பித்தால் அவள் உங்களைச் சமாதானப்படுத்தவேண்டி வரும், அவள் கதை நின்றுவிடும். மூன்றாவது, டாக்டரிடம் கூடவே போங்கள், ரூமுக்கு வெளியே இருங்கள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்து, இன்லண்ட் லெட்டரை என் மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"பாவம், எழுதவாவது தைரியம் இருந்ததே" என்றாள்.

"உனக்கு... எப்பவாவது...?"

"ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் ஒரு வருஷம் இருந்தது. தையல் போட்ட இடத்துல."

"ஒரு வருஷமா! எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"தலை வலிக்குதுன்னு சொன்னேனே. நீங்க எழுந்துபோய்த் தைலம் கொண்டுவந்து தேய்ச்சு விட்டீங்க."

எனக்கு ஞாபகம் இருக்கிறது. தேய்த்துவிட்டு, என்னைப் போல ஒரு கணவன் உண்டா என்று நினைத்துக்கொண்டு தூங்கினதும் ஞாபகம் இருக்கிறது.

பெயர் எழுதாத சகோதரிக்கு: அந்த ஜோக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பெண் டாக்டர் ஒருவரிடம் போங்கள். கதவுக் கைப்பிடியில் கை வைப்பதற்கு முன்னால், உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள்.

அவருடைய வீட்டுக்காரருக்கு: இந்த வாரப் பக்கத்தையும் நீங்கள் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். முடித்ததும் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள் ஸார்.

தைலத்தைத் தேடி எழுந்து போய்விடாதீர்கள்.